மூன்று ராஜாவும் இரண்டு விரலும்

ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த அந்த ஷூ கம்பெனியில் மத்தியானம் பன்னிரண்டரைக்கு மணி அடித்தால், தையல் செக்‌ஷன் முழுவதும் கை கழுவுகிற குழாய்க்கு ஓடும். அம்பிகாவும் தமிழினியும் மட்டும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் போவார்கள். அங்கே ஷூவின் அடியில் வைக்கிற அட்டைகள் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும். ஒரு கட்டு மேசை, இரண்டு கட்டு நாற்காலி. ஐந்து நிமிடத்தில் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த நேரமெல்லாம் சீட்டு.

ரம்மி இல்லை. அது நாலு கார்டு. மெஷின் மாட்டிக் கொடுக்க போர்ச்சுகலில் இருந்து வந்து மூன்று மாதம் தங்கியிருந்த டெக்னீஷியன் ஒருவன், மெயின்டனன்ஸ் ஆட்களோடு தினமும் ஆடிய ஆட்டம். ஊசி மாற்ற வேண்டும், பெல்ட் தளர்ந்துவிட்டது என்று ஏதாவது சாக்குச் சொல்லிப் போய் நின்று, தமிழினி அதைப் பார்த்தே கற்றுக்கொண்டு வந்துவிட்டாள். போகும்போது அவன் சீட்டுக்கட்டை மெக்கானிக் செல்வகுமாரிடம் கொடுத்துவிட்டுப் போனான். "இதும் பேரு பாட் லிமிட் ஒமாஹா" என்று செல்வகுமார் புதிதாக வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வான். மற்றவர்களுக்கு அது நாலு கார்டுதான்.

ஆளுக்கு நாலு சீட்டு. அட்டைக்கட்டின் நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டைத் திறப்பார்கள், பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. கையில் இருக்கிற நாலில் இரண்டையும் நடுவில் இருக்கிற ஐந்தில் மூன்றையும் சேர்த்து யார் பெரியதாகக் காட்டுகிறார்களோ அவர்களுக்கு ஜெயம். பணம் கிடையாது. கயிறு கோக்கிற ஓட்டைக்கு மாட்டுகிற பித்தளை வளையம், ஐலெட் என்பார்கள், சாயம் போய் ஒதுக்கினவை ஒரு பாலிஷ் டப்பா நிறைய இருந்தன. அவைதான் பந்தயம். கேட்டில் செக்யூரிட்டி பையைத் தடவிப் பார்ப்பார் என்பதால் டப்பா வெளியே போகாது, அம்பிகாவின் மெஷினுக்கு அடியிலேயே கிடக்கும். பந்தயம் விழுகிற இடம் ஷூ பெட்டி மூடி. மூடியில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கு மேல் ஒரே தடவையில் போடக்கூடாது. அவ்வளவையும் போட்டால் அதற்குப் பெயர் பாட். போட விருப்பமில்லையென்றால் இரண்டு விரலால் அட்டையைத் தட்டிவிடலாம். எல்லோரும் தட்டிவிட்டால் அடுத்த சீட்டு சும்மாவே திறக்கும்.

"நோ ஃப்ரீ கார்டு!" என்று தமிழினி அந்த டெக்னீஷியனைப் போலவே மூக்கை உறிஞ்சிக் காட்டுவாள். "அவன் இதையேதான் சொல்லினே இருப்பான்க்கா. நாலு சீட்டுல எதிர்ல இருக்கிறவ கையில எப்பவும் எதுனா ஒண்ணு பாதி வெந்துனு இருக்கும். நீ முன்னாடி இருக்கிறப்பவே பாட் போட்டு தொரத்திடணும். பெரிய சீட்டுன்னு மடியில வெச்சி கொஞ்சினு இருந்தா, அது ஒடஞ்சிடும்."

அம்பிகாவுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கை வராது. நல்ல சீட்டு வந்தால் அவளுக்கு முகம் சூடாகிவிடும். முழுதாக அள்ளிப் போட்டால் ஏதோ ஆசை பிடித்தவள் மாதிரி ஆகிவிடுமே என்று இருக்கும். தட்டிவிடுவாள். மாதனூரில் இருந்து வருகிற கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் காலியாக இருந்தாலும், பின்னால் ஏறுகிறவர்கள் உட்காரட்டும் என்று நின்றுகொள்வாள். அப்புறம் வழியெல்லாம் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு வருவாள்.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை, சாம்பிள் ரூம் சுகரா பேகம் இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார்.

சாம்பிள் ரூம் என்பது தையல் ஹாலின் கோடியில் இருக்கிற கண்ணாடி அறை. புது மாடல் ஷூக்களை முதலில் அங்கேதான் வரைந்து, வெட்டி, ஒரே ஒரு ஜோடி செய்து பார்ப்பார்கள். அந்தப் பெண்கள் மணிக்கு எத்தனை ஜோடி என்று கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து நாக்கு, குதிகால், ஓரம் என்று துண்டு துண்டாக வரைவார்கள். அந்த அறையை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, ஒன்பது வருடமாக, அம்பிகா பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் கட்டிலுக்கடியில், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவளே வெட்டிய ஷூ துண்டுகள் ஒரு துணிப்பை நிறைய இருந்தன. அம்மா முனியம்மாவுக்குக்கூட அது என்ன பை என்று தெரியாது.

"உக்காருங்க ரெண்டு பேரும்" என்றார் சுகரா பேகம். "வருஷா வருஷம் கம்பெனி செலவுல ஒருத்தர டிசைன் கோர்ஸுக்கு மெட்ராஸ் அனுப்புறோம். ஒரு வருஷம். படிச்சி வந்தா இந்த ரூம்ல சீட்டு. பத்தாவது பாஸ் பண்ணி, கை வேல சுத்தமா இருக்கிறது உங்க செக்‌ஷன்ல நீங்க ரெண்டு பேருதான்."

"யாரு மேடம் போவணும்?" என்றாள் தமிழினி.

"அத என்ன கேட்டா? நான் ஒருத்தி பேர சொன்னா இன்னொருத்தி ஆறு மாசம் மூஞ்சிய தூக்கினு திரிவா. எனக்கு அந்த பேஜாரு வேணாம்மா. நீங்களே பேசி முடிச்சி, வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ஒரு பேரு எழுதிக் குடுங்க." படிவத்தை மூத்தவள் என்று அம்பிகாவின் கையில் கொடுத்தார்.

பஸ்ஸில் அன்று அம்பிகா அந்தப் படிவத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டி இரண்டு முறை படித்தாள். முன்பக்கம் பெயர், ஊர், படிப்பு. பின்பக்கம் பொடி எழுத்தில், இங்கிலீஷில் விதிகள். நாலாவது விதியில் வயது இருந்தது. ஜூலை முதல் தேதியில் இருபத்தெட்டு முடிந்திருக்கக் கூடாது. அவளுக்கு வருகிற பங்குனியில் இருபத்தெட்டு முடியும். இந்த வருடம் இல்லையென்றால் இனி இல்லை. தமிழினிக்கு இருபத்திரண்டு. அவளுக்கு இன்னும் ஐந்து வருடம் கேட்கலாம்.

இதைச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். பக்கத்து சீட்டில்தான் தமிழினி தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தாள். எழுப்பி, "இங்க பாருடி" என்று காட்டினால் போதும். அம்பிகா படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். அவளாகக் கேட்டால் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாயும் புதனும் இருவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தமிழினிதான் ஆரம்பித்தாள்.

"இன்னாக்கா பண்றது?"

"நீ போயேன்."

"நீ போயேன்."

"எனக்கு இன்னாடி, இருக்கிற எடமே போதும்."

"எனக்கு மட்டும் மெட்ராஸ்ல மாமியார் வூடா இருக்குது?"

இருவரும் சிரித்தார்கள். ஆணிப் பெட்டியோடு அந்தப் பக்கம் வந்த செல்வகுமார் இதைக் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் இப்படியே 'நீ போ நீ போ'ன்னு இருங்க, பேக்கிங் செக்‌ஷன்காரி தூக்கினு போய்டுவா. சீட்டுல பாத்துடுங்களேன். நான் போடுறேன், ஆளுக்கு நாப்பது ஐலெட். ஒரு மணி பெல் அடிக்கிறப்ப யாருகிட்ட ஜாஸ்தியோ அவங்க பேரு" என்றான்.

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அம்பிகாவுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போல இருந்தது. வாயைத் திறந்து கேட்க வேண்டாம். கிடைத்தால், தானாகக் கிடைத்ததாக இருக்கும். யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. தமிழினியின் முகத்திலும் அதே ஆறுதல் தெரிந்தது. "சரிண்ணா" என்றாள்.

வெள்ளிக்கிழமை இருவரும் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸ்கள் திறக்காமல் ஓரமாக இருந்தன. செல்வகுமார் கையைத் துடைத்துக்கொண்டு சீட்டைக் கலைத்தான்.

அன்று சீட்டு அம்பிகாவின் பக்கம் நின்றது. கால் மணி நேரத்தில் அவளிடம் நாற்பத்தாறு, தமிழினியிடம் முப்பத்துநாலு. மணி பன்னிரண்டு ஐம்பது. அடுத்த ஆட்டத்துக்கு நாலு சீட்டைக் கையில் எடுத்துப் பிரித்தபோது அம்பிகாவின் விரல் நின்றது. இஸ்பேடு ராஜா, கிளாவர் ராஜா. மற்ற இரண்டும் ஒன்றுமில்லாத டைமண்ட், ஏழும் இரண்டும்.

ஆளுக்கு ஆறு ஐலெட் மூடியில் விழுந்தது. செல்வகுமார் நடுவில் மூன்று சீட்டைத் திறந்தான். ஆட்டின் ராஜா. ஆட்டின் ஒன்பது. கிளாவர் ஆறு.

மூன்று ராஜா. அந்த நேரத்தில் அதற்கு மேல் ஒரு கை கிடையாது, தமிழினியிடம் எது இருந்தாலும் சரி. ஆனால் நடுவில் இரண்டு ஆட்டின் கிடந்தது. எதிராளியிடம் இரண்டு ஆட்டின் இருந்து, இன்னும் ஒன்று நடுவில் விழுந்தால், ஒரே ஜாதியில் ஐந்து சேர்ந்துவிடும். அதற்கு முன்னால் மூன்று ராஜாவும் தலைகுனிய வேண்டியதுதான். அம்பிகாவுக்கு இது தெரியும். இங்கே பன்னிரண்டையும் அள்ளிப் போட வேண்டும் என்பதும் தெரியும். பன்னிரண்டைத் தள்ளினால் தமிழினி யோசித்துப் பார்த்துச் சீட்டைக் கீழே போட்டுவிடுவாள். ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் பேச வேண்டியது அம்பிகா. தமிழினி உதட்டைக் கடித்துக்கொண்டு தன் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் இருந்து ஒன்றும் தின்னாத முகம்.

அந்தப் பத்து நொடியில் என்ன நினைத்தாள் என்பதைப் பிற்பாடு அம்பிகா பல தடவை எடுத்துப் பார்த்திருக்கிறாள். பாவம், சின்னப் பெண், அவளும் ஒரு சீட்டு பார்க்கட்டும் என்று நினைத்தது உண்மை. அது மட்டும்தான் என்று தனக்கே கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டாள். ஆனால் அதற்கடியில் இன்னொன்றும் இருந்தது. தான் தள்ளி, அவளை விரட்டி ஜெயித்ததாக இருக்கக் கூடாது. அவளே ஆசைப்பட்டுப் போட வேண்டும், போட்டு அவளே தோற்க வேண்டும். அப்போது, "நான் கேக்கவே இல்லடி, அதுவா வந்துச்சி" என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்று ராஜாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் வேண்டாதவள் மாதிரி இருந்துவிடலாம்.

இரண்டு விரலால் அட்டையைத் தட்டினாள்.

தமிழினி நிமிர்ந்து பார்த்தாள். ஆச்சரியமா, வேறு எதுவுமா என்று அம்பிகாவுக்குப் பிடிபடவில்லை. பிறகு அவளும் தட்டினாள்.

செல்வகுமார் நாலாவது சீட்டைத் திறந்தான். ஆட்டின் ஐந்து.

"பாட்" என்றாள் தமிழினி. சத்தமே வரவில்லை. பன்னிரண்டு ஐலெட்டை எண்ணி மூடிக்குள் தள்ளினாள்.

அப்போதாவது சீட்டைக் கீழே போட்டிருக்கலாம். அம்பிகாவிடம் இன்னும் நாற்பது இருந்தது, அப்படிச் செய்திருந்தால் ஆளுக்கு நாற்பது என்று சமமாக நின்றிருக்கும். ஆனால் மூன்று ராஜாவைக் கீழே வைக்க மனம் வரவில்லை. கடைசிச் சீட்டு நடுவில் இருப்பதில் ஏதாவது ஒன்றோடு ஜோடி சேர்ந்தால், மூன்று ராஜாவும் ஒரு ஜோடியும் ஒரே ஜாதி ஐந்தை அடித்துவிடும், மறுபடி அவள்தான் மேலே. பன்னிரண்டைப் போட்டாள். கடைசிச் சீட்டு டைமண்ட் பத்து. ஒன்றோடும் சேரவில்லை. தமிழினி தன்னிடம் மிச்சமிருந்த பதினாறையும் தள்ளினாள். அம்பிகா அதற்கும் ஈடு போட்டாள். போடும்போதே தெரியும், தோற்றாயிற்று என்று. தள்ள வேண்டிய நேரத்தில் தள்ளாத கை, நிறுத்த வேண்டிய நேரத்தில் நிற்கவும் இல்லை.

தமிழினி விரித்துக் காட்டினாள். ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் நாலு.

"அடடே!" என்றான் செல்வகுமார். அம்பிகா தன் ராஜாக்களைத் திருப்பியபோது அவன் தலையிலேயே கை வைத்துக்கொண்டான். "மூணு ராஜாவ வெச்சினு தட்டினியாக்கா? அந்த ஆளு இருந்தா உன்ன கெணத்துல தள்ளியிருப்பான்."

அதற்கப்புறம் இரண்டு ஆட்டம் ஆடினார்கள். அம்பிகா நாலு ஐலெட் ஜெயித்தாள். பெல் அடித்தது. அவளிடம் பதினாறு. தமிழினியிடம் அறுபத்துநாலு.

சாயங்காலம் நாலரை மணிக்குத் தமிழினி தன் இடத்தை விட்டு எழுந்து அம்பிகாவின் மெஷினுக்கு வந்தாள். மத்தியானமே அம்பிகா கொடுத்திருந்த படிவம் அவள் கையில் இருந்தது. முன்பக்கத்தில் பெயர் எழுதுகிற கோடு இன்னும் வெறுமையாக இருந்தது.

"யக்கா."

"இன்னாடி? சூப்பர்வைசர் பாக்குறாரு, சீக்கிரம் சொல்லு."

"ராஜா மூணும் வெச்சினு ஏன்க்கா தட்டின?"

"சும்மாதான்."

"நீ பாட் போட்டிருந்தா நான் கீழ போட்டிருப்பேன். நிஜமா. நீ தட்டினதும், அக்காவுக்கு வேணாம் போலக்குதுன்னு நினைச்சேன்." மெஷின் சத்தத்தில் கேட்பதற்காகக் குனிந்தாள். "உனக்கு வேணும்னா இப்ப சொல்லு. ஐலெட்டாவது, ஒண்ணாவது. உன் பேரையே எழுதிடுறேன். எனக்கு அடுத்த வருஷம் கெடைக்காமயா பூடும்?"

ஊசிக்கு அடியில் கறுப்புத் தோல் பாதித் தையலில் நின்றிருந்தது. அம்பிகாவின் தொண்டையில் ஒரே ஒரு சொல் இருந்தது. வேணும். அதைச் சொன்னால் போதும். ஆடித் தோற்ற பிறகு கேட்பதா என்று ஒரு வெட்கம் வந்தது. இவ்வளவு நேரம் வேண்டாதவள் மாதிரி இருந்துவிட்டு, இப்போது கையை நீட்டுவதா? இன்னும் ஒரு தடவை கேட்டால் சொல்லிவிடுவாள். சத்தியமாகச் சொல்லிவிடுவாள்.

மெஷின் பலகையை இரண்டு விரலால் தட்டினாள்.

தமிழினி சிரித்துவிட்டாள். ஆட்டத்தில் தட்டினால் உன் முறை என்று பொருள். "சரிக்கா" என்றாள். மெஷின் பலகையின் ஓரத்திலேயே படிவத்தை வைத்து, அம்பிகாவின் பேனாவை வாங்கி, தன் பெயரை எழுதினாள். பின்பக்கத்தைத் திருப்பவில்லை. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

ஜூலையில் தமிழினி மெட்ராஸ் போனாள். பஸ் ஏற்றிவிட அம்பிகா வந்தாள். வழிக்கு முறுக்கும் ஒரு ஜமுக்காளமும் கொடுத்தாள். எல்லோரும், அக்கா தங்கச்சிகூட இப்படி இருக்க மாட்டார்கள் என்றார்கள்.

சேர்ந்த அன்றைக்கு மத்தியானமே போன் வந்தது. அம்பிகா சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்று எடுத்தாள்.

"யக்கா, எனக்கு முன்னாடி வரிசையில ஒரு பொண்ணு நின்னுதுக்கா. வாணியம்பாடி பக்கமாம். இருபத்தெட்டு முடிஞ்சி மூணு மாசம் ஆச்சின்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அது அங்கயே உக்காந்து அழுவுது. ஃபார்ம்ல பின்னாடி போட்டிருக்குதாம்." தமிழினிக்கு மூச்சு வாங்கியது. "உனக்கு பங்குனிலதானக்கா பொறந்தநாளு?"

"ஆமா."

"அப்ப அடுத்த வருஷம்..."

அம்பிகா அட்டைக்கட்டின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டு நின்றாள்.

"உனக்குத் தெரியுமாக்கா? நீ படிச்சியா அத?"

இதற்கும் தட்டிவிட முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். "படிச்சேன்" என்றாள்.

போனில் யாரோ ஒரு ஆள் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவது கேட்டது. பிறகு தமிழினி பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருக்கலாம். "நான் இன்னா பண்ணேன்னு இப்படி செஞ்சக்கா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் குடுத்திருப்பேனே. நாலரை மணிக்குக்கூட கேட்டேனே. இப்ப நான் எந்த மூஞ்சியோட இங்க உக்காந்து படிக்கிறது?"

"படிடி. நல்லா படி" என்றாள் அம்பிகா. அவள் சொல்ல நினைத்தது அது இல்லை. அதற்குள் அந்தப் பக்கம் தமிழினியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முதலில் வாரத்துக்கு இரண்டு போன் வந்தது. பிறகு மாதத்துக்கு ஒன்று. தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது தமிழினி அம்பிகாவின் வீட்டுக்கு வந்தாள், முனியம்மாவிடம் நன்றாகப் பேசினாள். அம்பிகாவிடம் பேசும்போது மட்டும் ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் முகத்தைத் தேடிப் பார்த்தாள், சொல்வது உண்மைதானா என்று. தான் வாங்கிவந்த ஸ்வீட்டை நீட்டி, அம்பிகா வேண்டாம் என்றால், நிஜமாக வேண்டாமா என்றாள். கட்டிலுக்கடியில் இருந்த துணிப்பையை எடுத்துக் காட்டலாம் என்று அன்று முழுவதும் அம்பிகா நினைத்துக்கொண்டிருந்தாள். காட்டவில்லை. காட்டினால் தமிழினி இன்னும் உடைந்துபோவாள். ஏழு மணி பஸ்ஸுக்கு அவள் கிளம்பிப் போனாள்.

பங்குனி வந்தது, போனது.

சித்திரையில் ஒரு நாள் செல்வகுமார் அம்பிகாவின் மெஷினுக்கு அடியில் கிடந்த பாலிஷ் டப்பாவை எடுத்துத் தட்டி அவளைக் கூப்பிட்டான். வெட்டுகிற செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த நிஷாவும் ஆட வந்திருந்தாள். ஒரு வருடமாகச் சீட்டைத் தொடாத அம்பிகா, என்ன தோன்றியதோ, போய் அட்டைக்கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

ஆளுக்கு இரண்டு ஐலெட் மூடியில் விழுந்தது. அவள் கையில் இரண்டு ராணி இருந்தது. நடுவில் முதல் மூன்று சீட்டு திறந்தபோது இன்னொரு ராணி வந்தது, பக்கத்திலேயே இரண்டு கிளாவர்.

"பாட்" என்றாள் அம்பிகா. குரல் சைக்கிள் ஷெட் வரை கேட்டது. ஆறு ஐலெட்டையும் மூடிக்குள் வேகமாகத் தள்ளினாள். இரண்டு உருண்டு கீழே விழுந்தன.

நிஷா திடுக்கிட்டுச் சீட்டைக் கீழே போட்டாள். செல்வகுமாரும் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போட்டான்.

"இன்னாக்கா இது, ஒரே ஒரு சீட்டு சும்மா பாக்க வுடமாட்டியா?" என்று நிஷா சிணுங்கினாள். "இவ்ளோ ஆசையா உனக்கு?"

"ஆமா" என்றாள் அம்பிகா. "ஆசைதான்."

குனிந்து, மண்ணில் விழுந்த இரண்டையும் தேடி எடுத்தாள். மூடியில் இருந்ததையும் உள்ளங்கையில் கொட்டி எண்ணினாள். அவள் போட்டதைக் கழித்தால், ஜெயித்தது நாலு ஐலெட். சாயம் போன, ஒன்றுக்கும் ஆகாத நாலு பித்தளை வளையம். பெல் அடிக்கும்வரை கையைத் திறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் டப்பாவிலேயே போட்டுவிட்டு மெஷினுக்குப் போனாள்.